அருங்காட்சியகத்தில் கம்ப்யூட்டர் வேலையா?

சங்கத்தின் பொங்கல் விழா முடிந்து எல்லோரும் கையில் தட்டோடு நின்றுகொண்டிருந்தபோது ஒரு நண்பர் என்னைத் தனியே அழைத்தார். லேக் மார்க்கெட் பக்கத்தில் முப்பது வருஷமாகக் குடியிருப்பவர். முகத்தில் கவலை தெரிந்தது.

"சார், என் பொண்ணு செக்டர் ஃபைவ்ல நல்ல கம்பெனியில இருக்கா. வெப்சைட் பண்ற வேலை. இப்ப அதை விட்டுட்டு ஏதோ மியூசியத்துல ஒரு வருஷ கான்டிராக்ட்ல சேரப் போறேங்கறா. நீங்க கவர்ன்மென்ட்ல இருந்தவர். நீங்க சொன்னா கேட்பா. கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க."

எடுத்துச் சொல்லும் உத்தேசத்தோடுதான் மறு ஞாயிறு அவர் வீட்டுக்குப் போனேன். இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பும்போது, எடுத்துச் சொன்னது அவள், கேட்டுக்கொண்டது நான் என்று ஆகிவிட்டது. அதன் பிறகு நானாகவும் சில இடங்களில் விசாரித்தேன். நம் குடும்பங்களில் கம்ப்யூட்டர் படித்த பிள்ளை இல்லாத வீடு ஏறக்குறைய இல்லை என்பதால், தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில், இந்த வேலை என்ன என்பது. மியூசியத்துக்கு வெப்சைட் என்றால் நான்கு அழகான படம், திறந்திருக்கும் நேரம், டிக்கெட் விலை, இவ்வளவுதானே என்று நானும் நினைத்திருந்தேன். "மாமா, அந்தப் பக்கத்தைப் போடறது இருபது நாள் வேலை. அதுக்குள்ள என்ன வைக்கறதுங்கறதுக்குத்தான் வருஷக்கணக்கா ஆகும்" என்றாள். ஒரு மியூசியத்தில் வெளியே பார்வைக்கு வைத்திருப்பது கொஞ்சம். உள்ளே கிடங்கில் இருப்பதுதான் அதிகம். அந்தப் பொருள் ஒவ்வொன்றுக்கும் பதிவேட்டில் ஒரு எண் உண்டு. எங்கே கிடைத்தது, யார் கொடுத்தது, எந்தக் காலம், என்ன உலோகம், எத்தனை அங்குலம் என்று பல கைகள், பல காலங்களில், பல எழுத்துக்கூட்டலில் எழுதி வைத்திருக்கும் விவரங்கள். இவற்றை ஒழுங்கு செய்து, படம் எடுத்து, எந்த ஊரிலிருந்து யார் தேடினாலும் கிடைக்கும்படி வைப்பதுதான் வேலையின் பெரும்பங்கு.

இதில் என்ன கஷ்டம் என்று கேட்டேன். அவள் ஒரு உதாரணம் சொன்னாள். கல்கத்தாவில் இருக்கும் நமக்கு அது உடனே புரியும்.

மயில்மேல் அமர்ந்த ஒரு தெய்வச் சிலை இருக்கிறது என்று வையுங்கள். பதிவேட்டில் ஒரு இடத்தில் கார்த்திகேயர் என்று இருக்கும். இன்னொரு இடத்தில் ஸ்கந்தர். தெற்கிலிருந்து வந்த சிலையானால் சுப்பிரமணியர். வங்காளத்தில் அவர் கார்த்திக் தாக்கூர், பிரம்மசாரி. புதிதாகக் கல்யாணம் ஆன வீட்டு வாசலில் இரவோடு இரவாக அவர் பொம்மையை வைத்துவிட்டுப் போகும் வழக்கம் இங்கே உண்டு, பார்த்திருப்பீர்கள். நமக்கோ அவர் வள்ளி தெய்வானையோடு இருப்பவர். திருநெல்வேலியிலிருந்து ஒருவர் "முருகன்" என்று தட்டினால், கிருஷ்ணநகரிலிருந்து ஒருவர் "கார்த்திக்" என்று தட்டினால், இரண்டு பேருக்கும் அதே சிலை வந்து நிற்க வேண்டும். ஆனால் இரண்டு மரபும் ஒன்றுதான் என்று கம்ப்யூட்டர் குழப்பிக்கொள்ளவும் கூடாது. இந்தப் பெயர்களையெல்லாம் இணைத்து ஒரு பட்டியல் செய்ய வேண்டும். அதைச் செய்வதற்குக் கம்ப்யூட்டர் மட்டும் தெரிந்தவர் போதாது. சிற்பம் மட்டும் தெரிந்தவரும் போதாது.

இதைக் கேட்டதும் எனக்கு எங்கள் டிராயிங் ஆபீஸ் ஞாபகம் வந்தது. ஒரு பாலத்தின் வரைபடம் ஆயிரம் வரைபடங்களுக்கு நடுவே இருக்கும். அதன் எண் பதிவேட்டில் சரியாக இருந்தால் ஐந்து நிமிஷத்தில் கைக்கு வரும். எண்ணில் ஒரு இலக்கம் தவறிவிட்டால் வரைபடம் அலமாரியில் பத்திரமாக இருந்தும் பயனில்லை. புதிதாக வந்த பையன்களுக்குப் பதிவேடு எழுதும் வேலை பிடிக்காது. பாலம் கட்டத்தான் ஆசை. எனக்கும் அப்படித்தான் இருந்தது.

பதிவேட்டில் என்னென்ன கட்டங்கள் இருக்க வேண்டும் என்பதற்கு உலக அளவில் ஒப்புக்கொண்ட முறைகள் இருக்கின்றனவாம். அவற்றில் மிக எளியதற்கு டப்ளின் கோர் என்று பெயர். தலைப்பு, ஆக்கியோன், தேதி, மொழி என்று பதினைந்தே கட்டங்கள். 1995ல் தொடங்கிய முயற்சி. அயர்லாந்து டப்ளின் என்று நான் நினைத்தேன். இல்லை, அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் ஒரு டப்ளின் இருக்கிறது.

கல்கத்தாவில் இந்த வேலைக்கு எங்கே இடம் இருக்கிறது என்று பார்ப்போம். பழமைக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. ஏசியாடிக் சொசைட்டி 1784ல் தொடங்கியது. இந்தியன் மியூசியம் 1814ல். சௌரங்கியில் இப்போதுள்ள கட்டடம் மக்களுக்குத் திறந்தது 1878ல். விக்டோரியா மெமோரியல் 1921. இந்தியன் மியூசியமும் விக்டோரியா மெமோரியலும் மத்தியக் கலாசார அமைச்சகத்தின் கீழ் இருப்பவை. இப்படிப்பட்ட மியூசியங்களின் பொருள்களை ஒரே இடத்தில் காட்டுவதற்காகப் புனேயிலுள்ள சி-டாக் நிறுவனம் "ஜதன்" என்ற மென்பொருளைச் செய்தது. "மியூசியம்ஸ் ஆஃப் இந்தியா" என்ற இணையதளம் அதன் பயன். மென்பொருளைப் புனேயில் எழுதலாம். ஆனால் பொருளைக் கையில் எடுத்து, அளந்து, படம் பிடித்து, கட்டங்களை நிரப்புவதற்கு அந்தந்த ஊரில் ஆள் வேண்டும்.

ஆனால் எனக்கு அதிகம் பிடித்த கதை இது அல்ல. யாதவ்பூரில் நடந்தது.

ரவீந்திரநாத் தாகூர் எழுதியதை அடித்து அடித்துத் திருத்துபவர் என்பது தெரிந்ததே. அடித்த கோடுகளையே இணைத்து ஓவியமாக்கிவிடுவார். ஒரே பாட்டுக்குக் கையெழுத்துப் பிரதியில் ஒரு வடிவம், பத்திரிகையில் வந்தபோது ஒரு வடிவம், புத்தகத்தில் ஒன்று, அடுத்த பதிப்பில் இன்னொன்று. இவை சாந்திநிகேதனத்திலும் வேறு இடங்களிலும் சிதறிக் கிடந்தன. யாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் பண்பாட்டு நூல்கள், ஆவணங்களுக்கென்று ஒரு தனிப் பள்ளி இருக்கிறது. அங்கே பேராசிரியர் சுகாந்த சௌதுரியின் தலைமையில், தாகூரின் 150வது ஆண்டை ஒட்டிக் கலாசார அமைச்சகம் கொடுத்த பணத்தில், இவை எல்லாவற்றையும் ஒரே இணையதளத்தில் சேர்த்தார்கள். பெயர் "பிசித்ரா". 2013 மே மாதம் திறந்தார்கள். கையெழுத்தும் அச்சுமாக ஏறத்தாழ 1,40,000 பக்கங்கள். வங்காளியிலும் ஆங்கிலத்திலும்.

படத்தைச் சேர்த்து வைத்ததோடு அவர்கள் நின்றிருந்தால் அது ஒரு பெரிய ஆல்பம், அவ்வளவுதான். அவர்கள் பிரதிகளை எழுத்து எழுத்தாகக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். பிறகு ஒரு பிரதியை இன்னொரு பிரதியோடு ஒப்பிட்டு என்ன மாறியது என்று காட்ட "ப்ரபேத்" என்று ஒரு மென்பொருளைத் தாங்களே எழுதினார்கள். அது மூன்று படியில் பார்க்கும். முதலில் அத்தியாயம், பிறகு பத்தி, பிறகு சொல். இன்ஜினீயர்களுக்கு இது உடனே விளங்கும். ஒரு வரைபடத்துக்கு ஏ, பி, சி என்று திருத்தங்கள் வரும்போது, எந்தத் திருத்தத்தில் எந்த அளவு மாறியது என்று ஓரத்தில் குறிப்போமே, அதே காரியம். நாங்கள் பத்து வரைபடத்துக்குச் செய்ததை அவர்கள் ஒரு மகாகவியின் வாழ்நாள் எழுத்துக்கு முழுவதும் செய்தார்கள். இலக்கியம் படித்தவர்களும் கம்ப்யூட்டர் தெரிந்தவர்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து செய்தது. கூட்டெழுத்து எங்கே உடைகிறது என்று ஒருவருக்குத் தெரியும், அதை எப்படிச் சரிசெய்வது என்று இன்னொருவருக்குத் தெரியும். அந்தப் பள்ளியே இந்தத் துறைக்கென்று ஒரு பட்டமேற்படிப்பு டிப்ளமாவையும் நடத்தி வந்திருக்கிறது. ஆர்வமுள்ளவர்கள் இந்த வருஷச் சேர்க்கை பற்றி நேரில் கேட்டுக்கொள்ளலாம். மியூசியம் பக்கமிருந்து இந்த வேலைக்கு வர நினைப்பவர்களுக்குக் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் மியூசியாலஜி துறை இருக்கிறது. 1959 முதல் அங்கே இது பாடம்.

இன்னொரு இடமும் உண்டு. நம் பிள்ளைகள் தினமும் செக்டர் ஃபைவில் பஸ்ஸிலிருந்து இறங்கிக் கம்பெனிக்கு நடக்கிறார்களே, அதே செக்டர் ஃபைவில், ஜி.என். பிளாக்கில், தேசிய அறிவியல் அருங்காட்சியகங்கள் கவுன்சிலின் தலைமை அலுவலகம் இருக்கிறது. 1978ல் உருவானது. குருசதய் ரோட்டிலுள்ள பிர்லா மியூசியம் (1959), பைபாஸ் பக்கத்து சயன்ஸ் சிட்டி (1997) எல்லாம் இதைச் சேர்ந்தவை. காட்சிப் பொருள்களை இவர்களே வடிவமைத்து, தங்கள் பட்டறையிலேயே செய்கிறார்கள். இப்போதெல்லாம் அந்தப் பொருள்களில் பல கம்ப்யூட்டரால் இயங்குபவை. ஐ.டி.ஐ. படித்தவருக்கும் டிப்ளமாக்காரருக்கும் இங்கே பதவிகள் உண்டு, அதுவும் நிரந்தரப் பதவிகள். நானும் டிப்ளமாக்காரன் ஆனதால் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். அறிவிப்பு அபூர்வமாகத்தான் வரும், கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும்.

நம் தமிழுக்கு வருவோம். அலிப்பூர் தேசிய நூலகத்தில் பேராசிரியர் வையாபுரிப் பிள்ளையின் சொந்தப் புத்தகச் சேகரிப்பு இருக்கிறது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியைப் பதிப்பித்தவர் அவர். அவர் புத்தகங்கள் நம் வீட்டிலிருந்து டிராம் தூரத்தில் இருக்க, நாம் சென்னை போகும்போது புத்தகம் தேடுகிறோம்.

தமிழில் இப்படிப்பட்ட வேலை வெகுநாளாகவே நடக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களையும் நோட்டீசுகளையும் 1994ல் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, கடல் கடத்தாமல், சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக்கியது. 1998 பொங்கல் அன்று சுவிட்சர்லாந்தில் இருந்த டாக்டர் கல்யாணசுந்தரம் முன்னின்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். பல நாட்டுத் தமிழர்கள் சம்பளமில்லாமல் வீட்டில் உட்கார்ந்து இலக்கியங்களைத் தட்டெழுதிக் கொடுத்தார்கள். 1981ல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை மறக்க முடியாத ஈழத்தவர்கள் 2005ல் நூலகம் திட்டத்தைத் தொடங்கினார்கள். இவற்றுக்கெல்லாம் பின்னால் யாரோ ஒருவர் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, ஒரு கட்டத்தில் ஒரு பெயரைச் சரியாக எழுதியிருக்கிறார்.

சரியாக எழுதாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. டிஜிட்டல் லைப்ரரி ஆஃப் இந்தியா என்று ஒரு திட்டத்தில் லட்சக்கணக்கான பழைய புத்தகங்களைப் படம் பிடித்தார்கள். தலைப்புகளை ஆங்கில எழுத்தில், கேட்டது கேட்டபடி தட்டிவிட்டார்கள். தமிழ்ப் புத்தகத்தைத் தேடுகிறவர் அதை எத்தனை விதமாகத் தவறாக எழுதியிருப்பார்கள் என்று முதலில் ஊகிக்க வேண்டும். பிறகு அந்த இணையதளமே நின்றுபோயிற்று. ஆர்வலர்கள் பிரதி எடுத்து இன்டர்நெட் ஆர்க்கைவில் போட்டு வைத்ததால் புத்தகங்கள் பிழைத்தன.

இங்கேதான் ரயில்வேக்காரனான எனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. புதுப் பாதை போட்டு, மந்திரி வந்து கொடி அசைத்து, பத்திரிகையில் படம் வரும். மறுநாள் காலையில் அந்தப் பாதையில் சுத்தியும் ஸ்பானரும் எடுத்துக்கொண்டு கீமேன் நடக்க ஆரம்பிப்பான். தன் பீட்டு முழுவதும் ஒரு பக்கம் போய் மறுபக்கம் திரும்புவான். தளர்ந்த கீயைத் தட்டி இறுக்குவான். மழையானாலும் பூஜையானாலும் நடப்பான். அவன் படம் எந்தப் பத்திரிகையிலும் வராது. ஆனால் அந்தப் பதவி பட்ஜெட்டில் இருக்கும்.

இணையதளங்களுக்குக் கீமேன் பதவி பெரும்பாலும் இல்லை. திட்டம் இரண்டு வருஷம், பணம் இரண்டு வருஷம். திறப்பு விழா நடக்கும். அதன் பிறகு செய்தவர்களின் கான்டிராக்ட் முடிந்துவிடும். ஃப்ளாஷ் என்ற மென்பொருளில் செய்த எத்தனையோ மியூசியப் பக்கங்கள், அதை அடோபி கம்பெனி 2020 டிசம்பர் 31ல் நிறுத்தியதும் வெற்றுக் கட்டங்கள் ஆயின. யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களில் செய்த பக்கங்களை இன்று திறந்தால் தமிழுக்குப் பதில் பூச்சி பூச்சியாகத் தெரிகிறது. டிஸ்கி, டாம், டாப் என்று 1990களில் நாம் எத்தனை முறை வைத்திருந்தோம்! மதுரைத் திட்டத்தார் தங்கள் நூல்களை டிஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றினார்கள், அதனால் இன்றும் படிக்க முடிகிறது. மாற்ற ஆளில்லாத இடங்களில் உழைப்பெல்லாம் போயிற்று.

ஆகவே நண்பருக்கு நான் சொன்னது இது. சம்பளம் கம்பெனியைவிடக் குறைவுதான், அதில் சந்தேகமில்லை. நிரந்தரமும் இல்லை. பெரும்பாலும் டெண்டர் எடுத்த ஏஜென்சி மூலமாகவோ, திட்ட உதவியாளர் என்ற பெயரிலோதான் எடுக்கிறார்கள். சம்பளம் இரண்டு மாதம் தாமதமாக வருவது சகஜம் என்று இந்த வேலை செய்தவர்களே சொன்னார்கள். சேருமுன் மூன்று கேள்வி எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்: சம்பளம் தருவது யார், திட்டம் முடிந்த பிறகு தளத்தைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு என்ன, செய்த வேலையில் அவள் பெயர் இருக்குமா. மூன்றாவது கேள்வியை நண்பர் அற்பமாக நினைத்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அடுத்த வேலைக்குப் போகும்போது காட்டுவதற்கு அது ஒன்றுதான் இருக்கும்.

அவளுக்கும் ஒன்று சொன்னேன். தமிழ் எழுதப் படிக்கத் தெரியும், வங்காளி இங்கேயே பிறந்து வளர்ந்ததால் தாய்மொழி மாதிரி, ஹிந்தியும் ஆங்கிலமும் பள்ளியில். மனுவில் இவற்றைக் கடைசி வரியில் "மொழிகள்" என்று போட்டிருந்தாள். மேலே கொண்டுபோகச் சொன்னேன். கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் செக்டர் ஃபைவில் தெருவுக்கு ஆயிரம் பேர். ஒரு செப்பேட்டுப் படத்தைப் பார்த்து இது தமிழ், இது கிரந்தம் என்று பிரிக்கத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் எத்தனை பேர்? கிரந்தம் தெரியாது என்றாள். கற்றுக்கொள் என்றேன்.

ஏப்ரலில் சேர்ந்துவிட்டாள். எந்த மியூசியம் என்று இங்கே எழுதப் போவதில்லை. நண்பர் ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

சேர்ந்த சில வாரத்தில் ஒரு நாள் மாலை என் வீட்டுக்கு வந்தாள். லேப்டாப்பில் ஒரு வெண்கலச் சிலையின் படம். "மாமா, இதுக்கு ரெண்டு வரியில வர்ணனை எழுதணும். கண் தெரியாதவங்க வெப்சைட்டைத் திறந்தா கம்ப்யூட்டர் அதைப் படிச்சுக் காட்டும்." அரசாங்க இணையதளங்களுக்கு 2009லிருந்து இதற்கு விதிமுறைகள் இருக்கின்றனவாம். நான் ஒரு காகிதத்தில் "நடராஜர், வெண்கலம்" என்று எழுதிக் கொடுத்தேன். "இது லேபிள் மாமா. பார்வை இல்லாதவங்களுக்கு இது எதைக் காட்டும்?" என்றாள். மறுபடி உட்கார்ந்தேன். வலக்கால் ஊன்றியிருக்கிறது, இடக்கால் குறுக்கே தூக்கியிருக்கிறது, மேல் வலக்கையில் உடுக்கை, மேல் இடக்கையில் தீ, காலடியில் குப்புறக் கிடக்கும் ஒரு சிறு உருவம். அறுபது வருஷமாகக் கும்பிட்ட உருவம். எந்தக் கால் தூக்கியது என்று எழுத, எழுந்து பூஜை அறைக்குப் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. இரண்டு வரிக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவள் அதிலும் பாதியை அடித்துவிட்டாள்.

கான்டிராக்ட் வரும் மார்ச்சில் முடிகிறது. நீட்டிப்பார்கள் என்கிறார்கள். உத்தரவு கைக்கு வரும்வரை நான் எதையும் நம்புவதில்லை, முப்பத்தைந்து வருஷ சர்வீஸ் கற்றுக்கொடுத்தது அது. இதற்கிடையே நம் சங்க நூலகத்தில் இருக்கும் பச்சை இரும்பு அலமாரியை அவள் பார்த்திருக்கிறாள். பழைய ஆண்டு மலர்கள், நாடக நோட்டீசுகள், யார் யார் என்றே குறிப்பில்லாத குரூப் போட்டோக்கள். கீழ்த்தட்டில் செல் அரித்துவிட்டது. இரண்டாவது ஞாயிற்றுக்கிழமைகளில் காலை பத்து மணிக்கு வந்து, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, படம் எடுத்துப் பட்டியல் செய்கிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறாள். பதிவேடு எழுதும் பொறுப்பு என்னுடையது.

போட்டோக்களில் இருப்பவர்களை அடையாளம் சொல்லக்கூடிய மூத்த அங்கத்தினர்கள் கண்ணாடியோடு வர வேண்டுகிறேன். வர முடியாதவர்கள் சொல்லி அனுப்பினால் படத்தோடு நாங்களே வீட்டுக்கு வருகிறோம். வீட்டில் பழைய மலர்கள் வைத்திருப்பவர்கள், பூஜைக்கு முன் வீடு ஒழிக்கும்போது காகஜ்வாலாவிடம் எடை போடுவதற்கு முன்னால், எனக்கு ஒரு போன் செய்யுங்கள்.